மலையடிவாரத்துக்கு ஒரு சிற்பவெளி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோட்டக்கலை நண்பர்களே, தாரமங்கலத்திலிருந்து வந்து அவையைச் சிறப்பித்திருக்கும் கல்தச்சர் பெருமக்களே, ஓவிய மாணவர்களே, மடியில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். வீடு தேடி வந்து அழைத்த விழாக்குழுச் செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

திறந்தவெளிச் சிற்பத்தில் கல், இரும்பு, செடிகொடி மூன்றைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். வெட்டவெளியில் நிற்கிற சிற்பத்துக்கு மண்ணும் மழையும் வெயிலும்தான் சுவர்.

1938இல் வங்கத்துச் சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பைஜ், சந்தால் என்னும் பழங்குடிக் குடும்பம் ஒன்றை வடித்தார். சிமென்டோடு செம்புறை என்கிற செந்நிறக் கல்லின் சரளையைக் கலந்து செய்தது. கூடையில் பிள்ளை, கூடவே நாய். சொரசொரத்த மேனியோடு அந்த மண்ணிலிருந்தே எழுந்து நடப்பதுபோல் இருக்கும். நம் சேலத்துச் சேர்வராயன் மலை உச்சியிலும் செம்புறை கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்த சிற்பி எத்தனை பேர்?

அடுத்து இரும்பு. சூரமங்கலம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர், மிச்சம் விழுந்த துண்டுக் கம்பி, தகடு எல்லாவற்றையும் பற்றவைத்து ஆளுயரத்துக்கு ஒரு மரம் செய்தார். ஆடியில் அதன் அடியில் அவரை ஊன்றினார். கொடி கிளம்பி வரும், இரும்பைத் தொடும், பகல் சூட்டில் நுனி கருகிவிடும். மறுபடி துளிர்க்கும், மறுபடி கருகும். மனிதர் வெறுத்துப்போய் மரத்தை அறுத்துவிடலாம் என்று கட்டரை எடுத்துவிட்டார். அவருடைய அம்மா திண்ணையிலிருந்தே சத்தம் போட்டார்: "டேய், இரும்பு சுடாதா? கயித்தச் சுத்தி விடுடா!" தேங்காய்நார்க் கயிற்றை அடியிலிருந்து நுனிவரை சுற்றினார்கள். கொடி பிடித்துக்கொண்டது. தை மாதம் கொத்துக் கொத்தாக அவரைக்காய். அந்தம்மா முறத்தில் அள்ளித் தெருவுக்கே கொடுத்தார், "எம்பையன் செஞ்ச மரம் காய்ச்சிருக்கு" என்று! (கைதட்டல்)

சூட்டைத் தணித்துப் பிடிமானம் கொடுத்தால்தான் கொடி ஏறும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா? நம் மலையடிவாரத்தில் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் வெட்டுகிறோம். அதைச் சுட்டுத்தான் உலைச் செங்கல் செய்கிறார்கள். உருக்கு கொதிக்கிற உலைக்கு உள்சுவர் அது. சுவர் இருந்தால்தான் சித்திரம்! சுவரைக் கொடுத்த மலைக்கு நாம் விட்டுவைத்தது குழியும் கழிவுமேடும்.

வேலை முடிந்த அந்தக் குழிகளைச் சிற்பவெளி ஆக்குங்கள் என்று பல மேடைகளில் கேட்டுவிட்டேன், இங்கும் கேட்கிறேன். ஏரிக்கரையில் இன்னொரு சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி நமக்கு வேண்டாம். அந்த வெள்ளை மண்ணில் லேசில் செடி பிடிக்காது. முதலில் ஏரி வண்டல் கொட்ட வேண்டும், வேம்பும் புங்கனும் வைக்க வேண்டும். நிழல் விழுந்த பிறகு சேலம் உருக்கும் சேலம் கல்லும் கொண்டு நம் பிள்ளைகள் சிற்பம் நிறுத்தட்டும். ஆட்சியருக்குக் கொடுக்கவிருக்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. வந்திருக்கும் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.