டிக்கெட் கையில் இருக்கிறது, லினக்ஸ் ஏன் "சாவி இல்லை" என்கிறது? பிழை 126

[திரை: கறுப்பு டெர்மினல், இரண்டே கட்டளைகள்]

கையில் கெர்பரோஸ் டிக்கெட், அதாவது நான் யார் என்று சர்வரிடம் காட்டும் சீட்டு, இருக்கிறதா என்று பார்க்க கே-லிஸ்ட் என்று அடிக்கிறேன். டிக்கெட் இருக்கிறது. என் பெயர் இருக்கிறது, இன்றைய தேதி இருக்கிறது, இன்னும் ஒன்பது மணி நேரம் செல்லும். அடுத்த வரியிலேயே சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தோடு) சர்வரில் இருக்கும் ஷேரை, அதாவது பகிர்ந்த கோப்புறையை, மவுண்ட் செய்து என் கணினியோடு இணைக்கப் பார்க்கிறேன். வந்து விழுகிறது: மவுண்ட் எரர் 126, ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள். தேவையான சாவி கிடைக்கவில்லையாம்.

மேல் வரி இருக்கிறது என்கிறது, கீழ் வரி இல்லை என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்? யாருமே இல்லை! இது புரியாமல் நான் ஒரு மதியம் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பரிடம் "உங்கள் பக்கம்தான் ஏதோ கோளாறு" என்று சண்டையும் போட்டேன். கோளாறு என் பக்கம். நல்லவேளை, அவர் இந்தச் சேனலைப் பார்ப்பதில்லை.

[திரை: மூன்று தலை நாய், கார்ட்டூன்]

பின்னணியை முப்பது வினாடியில் முடித்துவிடுவோம். கெர்பரோஸ், எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது. கிரேக்கக் கதையில் பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். இப்போது எல்லோரும் பயன்படுத்துவது ஐந்தாம் பதிப்பு. விண்டோஸ் 2000-இலிருந்து, நிறுவனங்களின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் இதைத்தான் நம்பியிருக்கிறது. கடவுச்சொல்லை ஒவ்வொரு சர்வரிடமும் நீட்ட வேண்டாம். ஒரே ஒரு இடத்தில், அதாவது டிக்கெட் வழங்கும் சர்வரான கேடிசியில், உங்களை நிரூபித்து ஒரு தாய் டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டி ஒவ்வொரு சேவைக்கும் தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். நாய்க்கு மூன்று தலை இருந்தும், பிழைச் செய்தி எழுதும் தலை மட்டும் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் தனிப்பட்ட கருத்து.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

மவுண்ட் செய்வது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் வேலை. ஆனால் கர்னலுக்குக் கெர்பரோஸ் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. அது என்ன செய்கிறது தெரியுமா? கீழ்த்தளத்தில் உட்கார்ந்துகொண்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது: "யாராவது இந்த ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கப்பா!" அந்தக் குரலைக் கேட்டு முதலில் எழுந்து வருவது ரிக்வெஸ்ட்-கீ என்ற சின்ன நிரல். அது தன் அமைப்புக் கோப்பைப் புரட்டி, "ஓ, சிஃப்ஸ் விவகாரமா, அது சிஃப்ஸ்-அப்காலின் வேலை" என்று அடுத்தவரை எழுப்பிவிடுகிறது. (சிஃப்ஸ் என்பது விண்டோஸ் பாணியில் கோப்புகளைப் பகிரும் முறை.) அப்கால்! மேலே பார்த்துக் கூப்பிடுவதால் அப்படி ஒரு பெயர். கர்னல் உலகத்தில் இவ்வளவு நேர்மையான பெயர் வேறு இல்லை.

இப்போது சிஃப்ஸ்-அப்கால் டிக்கெட்டைத் தேடக் கிளம்புகிறது. எங்கே தேடும்? இங்கேதான் கதையே இருக்கிறது. "மவுண்ட் செய்யச் சொன்ன ஆள் யார்?" என்று கேட்டு, அந்த ஆளின் சட்டைப்பையில் தேடும். நீங்கள் சூடோ போட்டீர்களே, அப்போது மவுண்ட் செய்யச் சொன்னது யார்? நீங்கள் இல்லை. ரூட், அதாவது கணினியின் தலைமை நிர்வாகிக் கணக்கு!

டிக்கெட் எடுத்தது நீங்கள், வண்டியில் ஏறியது ரூட். பரிசோதகர் ரூட்டின் பையைத் துழாவுகிறார். காலி. இறக்கிவிடுகிறார். உங்கள் பையில் டிக்கெட் பத்திரமாக இருக்கிறது, நீங்களோ நடைமேடையில் நின்று கையசைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

[திரை: ஜர்னல்-கன்ட்ரோல் பதிவு, ஒரே வரி பெரிதாக்கப்பட்டு]

கதை விடுகிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆதாரம் காட்டுகிறேன். கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்-கன்ட்ரோலைத் திறந்து சிஃப்ஸ்-அப்கால் எழுதிய வரிகளைத் தேடுங்கள். "கீ டிஸ்கிரிப்ஷன்" என்று தொடங்கும் நீளமான ஒரு வரி இருக்கும். சர்வர் பெயர், ஐபி முகவரி, செக்யூரிட்டி வகை எல்லாம் அரைப்புள்ளி போட்டுப் போட்டு வரும். அதற்குள் "க்ரெட்-யூஐடி" என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். யாருடைய பையில் தேட வேண்டும் என்று சொல்லும் எண் அதுதான். என் பதிவில் அது பூஜ்யம். பூஜ்யம் என்றால் ரூட். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

மருந்து ஒரே ஒரு சொல்: சிஆர்-யூஐடி. மவுண்ட் கட்டளையில் செக்யூரிட்டி கேஆர்பி5 என்று எழுதியிருப்பீர்கள் அல்லவா, அதற்குப் பக்கத்தில் காற்புள்ளி போட்டு சிஆர்-யூஐடி சமம் என்று உங்கள் பயனர் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலான கணினிகளில் முதல் பயனருக்கு அது 1000. மறுபடி மவுண்ட் செய்து, மறுபடி பதிவைப் பாருங்கள். க்ரெட்-யூஐடி இப்போது பூஜ்யம் இல்லை. ஆனால் 1000-உம் இல்லை! 3இ8 என்று ஏதோ எழுதியிருக்கிறது. பதறாதீர்கள், அது பதினாறடிமான எண், அதில் 'இ' என்ற ஆங்கில எழுத்து பதினான்கைக் குறிக்கும். மூன்று 256, பதினான்கு 16, ஓர் எட்டு. 768, 224, 8. கூட்டுங்கள்... ஆயிரம்! எனக்கு இந்தக் கணக்கு சரியாக வந்தபோது கிடைத்த சந்தோஷம், ஷேர் மவுண்ட் ஆனபோதுகூடக் கிடைக்கவில்லை. இதற்கு ஒரு லைக் போட்டுவிடுங்கள், பாவம் அந்த எண்.

"அண்ணா, சூடோ கே-இனிட் என்று அடித்தாலும் வேலை செய்கிறதே" என்று கமெண்ட் எழுதக் கை பரபரக்கிறதா? செய்யும். கே-இனிட்தான் டிக்கெட் வாங்கும் கட்டளை, சூடோ போட்டு அடித்தால் ரூட்டின் பையிலேயே டிக்கெட்டைப் போட்டுவிடுகிறீர்கள். ஆனால் அடுத்த ஆள் அதே கணினியில் சூடோ போட்டால் உங்கள் பெயரில் சர்வருக்குள் நுழைவார். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. அதைவிட மோசம், அலுத்துப்போய் கெர்பரோஸை விட்டுவிட்டு, மவுண்ட் பட்டியல் கோப்பான எஃப்எஸ்டேபில் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பது. அந்தக் கோப்பைக் கணினியில் உள்ள எல்லோரும் படிக்கலாம்.

இன்னொரு துப்பு. பதிவில் சிஃப்ஸ்-அப்கால் என்ற பெயரே இல்லையென்றால்? அப்போது கர்னல் கத்தியது மாடியில் யாருக்கும் கேட்கவே இல்லை. ரிக்வெஸ்ட்-கீ அடங்கிய கீ-யூட்டில்ஸ் பேக்கேஜ் நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்சமாக நிறுவிய சர்வர்களில் அது இல்லாமல் இருக்கலாம். அப்போதும் வருவது அதே 126தான். ஒரே எண், இரண்டு வேறு நோய். பதிவைப் பார்க்காமல் மருந்து சொல்கிறவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

[திரை: ஐபி முகவரியின் மேல் பெரிய சிவப்புக் குறுக்குக்கோடு]

அடுத்தது பெயர். நான்கு எண்ணை அடிப்பது சுலபம் என்று ஐபி முகவரி கொடுத்து மவுண்ட் செய்கிறோம். கெர்பரோஸ் டிக்கெட் கொடுப்பது பெயருக்கு. சிஃப்ஸ், சாய்கோடு, சர்வரின் முழுப்பெயர். இதுதான் கேடிசியின் பட்டியலில் இருக்கும், ஐபிக்கு அங்கே சாதாரணமாக இடம் இல்லை. பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் செல்லப்பெயர் வைத்திருந்தாலும் இதே கதி, அந்தப் பெயரையும் சர்வரின் கணக்கில் பதியச் சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க மவுண்ட் வரை போகவே வேண்டாம். கேவிஎன்ஓ என்று ஒரு கட்டளை இருக்கிறது, யாரும் சீண்டுவதில்லை, எனக்கோ உயிர். அதற்குப் பக்கத்தில் சிஃப்ஸ், சாய்கோடு, சர்வர் பெயர் என்று கொடுங்கள். ஓர் எண்ணைத் திருப்பிச் சொன்னால் டிக்கெட் கிடைத்துவிட்டது, குறை மவுண்ட் பக்கம். "சர்வர் நாட் ஃபவுண்ட் இன் கெர்பரோஸ் டேட்டாபேஸ்" என்று சொன்னால், மவுண்டைத் திட்டாதீர்கள், பெயரைச் சரிபாருங்கள். பாதி நேரம் மிச்சம்.

கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் கெர்பரோஸ் கதவைச் சாத்திவிடும், நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனியை ஓடவிடுங்கள். ரெல்ம், அதாவது ஒரு கேடிசியின் ஆளுகைக்குட்பட்ட பகுதி, அதன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிழை 2 வந்தால் பெரும்பாலும் ஷேர் பெயரில் எழுத்துப்பிழை. இன்னொரு கோப்புப் பகிர்வு முறையான என்எஃப்எஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே நாடகம்தான், அப்கால் வேஷத்தில் ஆர்பிசி-ஜிஎஸ்எஸ்டி வரும்.

பிழை 13 வந்தால் பதற வேண்டாம், அது முன்னேற்றம்! பெரும்பாலும் டிக்கெட் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, சர்வர் பார்த்துவிட்டு "உனக்கு இங்கே அனுமதி இல்லை" என்கிறது. இப்போது நீங்கள் உரிமையோடு சர்வர் நிர்வாகியிடம் போகலாம். நான் போனேன். இந்த முறை சண்டை போடவில்லை.

கடைசியாக, "காலையில் வேலை செய்தது, சாயங்காலம் அதே 126" என்று கேட்கிறவர்களுக்கு. ஆக்டிவ் டைரக்டரியில் டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். மவுண்ட் அப்படியே நிற்கும். நடுவில் நெட்வொர்க் ஒரு நொடி அறுந்து மறுபடி சேரும்போதுதான் புது டிக்கெட் கேட்கும், அப்போது பையில் இருப்பது செல்லாத டிக்கெட். கே-இனிட் மைனஸ் பெரிய ஆர் போட்டால், காலாவதி ஆவதற்கு முன்பாக இருந்தால் மட்டும், கடவுச்சொல் கேட்காமல் புதுப்பித்துத் தரும். பலர் பகிரும் கணினி என்றால் மல்டி-யூசர் என்ற விருப்பத்தைச் சேர்த்து மவுண்ட் செய்யுங்கள், அப்புறம் ஒவ்வொருவரும் அவரவர் டிக்கெட்டில் உள்ளே போவார்கள். இல்லையென்றால் எல்லோரும் உங்கள் டிக்கெட்டில்தான் போவார்கள், எந்தக் கோப்பை யார் அழித்தாலும் சர்வர் பதிவில் உங்கள் பெயர்தான் நிற்கும்.

மல்டி-யூசரையும், கடவுச்சொல் கேட்காமல் டிக்கெட் வாங்க உதவும் சாவிக் கோப்பான கீடேபையும் சேர்த்து, கணினி தொடங்கும்போதே மவுண்ட் ஆவது எப்படி என்பதற்குத் தனி வீடியோ வேண்டுமா? வேண்டும் என்றால், போய் உங்கள் பதிவைத் திறந்து, க்ரெட்-யூஐடிக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். பதினாறடிமானத்தில்.