காலியாகத் திரும்பும் வண்டி

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வணிகர்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, வர்த்தகத் தொழிற்சபையின் பெரியோர்களே, தேக்கா வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பங்களின் மூத்தவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் கிடங்குத் தோழர்களே, வண்டியோட்டும் தம்பிகளே, அனைவருக்கும் என் வணக்கம். ஓட்டுநர்களும் வர வேண்டும் என்பதற்காகவே கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றிய தலைவருக்குத் தனி நன்றி. கிடங்கைப் பற்றிய பேச்சைக் கிடங்கில் நிற்பவர்களே கேட்காவிட்டால் வேறு யார் கேட்டு என்ன பயன்?

நுகர்பொருள் விநியோகம் செய்யும் நிறுவனம், சுற்றுப்புறத்துக்குக் கேடில்லாமல் தொழில் நடத்த நடைமுறைக்கு உகந்த திட்டம் வகுப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். அளப்பது, குளிரூட்டுவது, ஏற்றிச் செல்வது. மூன்றுக்கும் தாயாக ஒரு பழமொழி உண்டு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

நாம் போடும் ஆறு எது? நம் தெற்குக் கடலில் இருக்கும் புலாவ் செமாக்காவ் தீவு. 1999இல் திறக்கப்பட்ட அந்தக் குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. குப்பையை எரித்தபின் மிஞ்சும் சாம்பல்தான் துவாஸிலிருந்து கடல்வழியே அங்கே போகிறது. எரிக்கும்போது குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கிய பிறகும் இடம் போதவில்லை! நம் வீடுகளிலிருந்து வெளியேறும் குப்பையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பொருளைச் சுற்றி வந்த உறையும் பெட்டியும் பாட்டிலும். அவற்றைக் கப்பலிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, கடைத்தட்டு வரை கொண்டுசேர்க்கிறவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆண்டு விற்பனை 1 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்கள், சந்தைக்குக் கொண்டுவரும் பொட்டலப் பொருள்களின் எடையை ஆண்டுதோறும் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும், குறைப்பதற்கான திட்டத்தையும் தர வேண்டும். 2019இல் வந்த சட்டத்தின்கீழ் உள்ள கடமை இது. "நம் விற்பனை அவ்வளவு இல்லையே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறீர்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அளந்து பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு விநியோக நிறுவனம். மசாலாத்தூள், அப்பளம், ஊறுகாய், பிஸ்கட், சோப்பு எல்லாம் எடுத்துப் போடுகிறார்கள். கிடங்கு உட்லண்ட்ஸ் பக்கம். ஒருநாள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கேள்விப் படிவம் வந்தது. உங்கள் கழிவு எவ்வளவு, கரிம வெளியேற்றம் எவ்வளவு, இலக்கு என்ன? முதலாளி பதறிப்போய் ஆலோசகரை அழைத்தார். வழவழத் தாளில் அழகான அறிக்கை வந்தது. அட்டையில் ஒரு பச்சை இலை. உள்ளே எல்லாம் இருந்தது, அந்தக் கிடங்கு மட்டும் இல்லை!

அங்கே மேற்பார்வையாளராக ஒரு மன்னார்குடிக்காரர் இருந்தார். சின்ன வயதில் மாமாவின் நெல் மண்டியில் தராசு பிடித்தவர். அவர் யாரிடமும் கேட்கவில்லை. அரிசி மூட்டை நிறுக்கும் எடை மேடையைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வெளியே போகும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினார். சரக்கு அடுக்கும் பேலட் தட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் படலம் தனி, அட்டைப்பெட்டி தனி, திரும்பி வந்த சரக்கு தனி. பையன்கள் சிரித்தார்கள். துப்புரவு செய்யும் அம்மா கேட்டாராம்: "என்ன தம்பி, குப்பையை விற்கப் போகிறீர்களா?" அதற்கு அவர் சொன்னார்: "இல்லை அக்கா, இதை நாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். எவ்வளவுக்கு வாங்கினோம் என்று பார்க்கிறேன்."

கைதட்ட வேண்டிய இடம் இதுதான், தட்டுங்கள்!

மாதம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தார். எடையில் அட்டைப்பெட்டிதான் முதலிடம். ஆனால் அதைப் பழைய பொருள் வாங்கும் கரங்கூனிக்காரர் காசு கொடுத்தே எடுத்துப் போகிறார். நெஞ்சில் அடித்தது இரண்டாம் இடம். காலாவதியாகிக் கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கு! யாருமே அதைக் குப்பைக் கணக்கில் வைத்திருக்கவில்லை. ஏன் திரும்பி வந்தது? சிறு கடைக்குத் தேவை அரைப்பெட்டி ஊறுகாய், நிறுவனம் கொடுப்பதோ முழுப்பெட்டி மட்டும். மிச்சம் தட்டில் உட்கார்ந்து தேதி முடிந்து திரும்பியது. சரி, அரைப்பெட்டியாகக் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். பிரித்த பெட்டியை எதில் வைத்துக் கொண்டுபோவது? பிளாஸ்டிக் கூடைகள் வாங்கினார்கள். காலையில் கூடை சரக்கோடு போகும், மறுமுறை வண்டி வரும்போது வெறுங்கூடை திரும்பும். வழவழத் தாளில் இல்லாத வழியை ஒரு பென்சில் காட்டியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

குளிரூட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய குளிர்கிடங்குகளில் ஆர்-404ஏ என்ற வாயு ஓடுகிறது. ஒரு கிலோ கசிந்தால், ஏறத்தாழ 4 டன் கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். அடிக்கடி வாயு நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். வெளியேற்றும் கரியமில வாயுவுக்கான கரிம வரி டன்னுக்கு 2024இல் 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி. அது நம் வாசலுக்கு நேரே வருவதில்லை. மின்கட்டணத்தோடு சேர்ந்து வருகிறது.

இப்போது வண்டி. இதற்காகத்தான் நான் மேடை ஏறினேன்.

எந்தக் காலையிலும் பஃபலோ ரோட்டில் போய் நின்று பாருங்கள். ஒரே கடைக்கு அரிசிக்கு ஒரு லாரி, எண்ணெய்க்கு ஒரு லாரி, சோப்புக்கு ஒரு லாரி. ஒவ்வொன்றும் பாதி நிறைந்து வந்து, முற்றிலும் காலியாகத் திரும்புகிறது. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. மின்சார லாரி வாங்குங்கள், நல்லது. ஆனால் காலி வண்டி மின்சாரத்தில் ஓடினாலும் காலி வண்டிதான். எத்தனை கிலோமீட்டர் வெறுமனே ஓடுகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

நான் கேட்பது பொதுக்கூடை. நிறுவனத்துக்கு ஒரு நிறம், ஒரு அளவு என்று இருந்தால் கடைக்காரர் எதை எங்கே அடுக்குவார்? ஒன்றின் மேல் ஒன்று உட்காராது, ஒருவர் கூடையை இன்னொருவர் எடுத்துப் போவார், மூன்றாம் மாதம் திட்டம் செத்துவிடும். ஒரே அளவுக் கூடை எல்லாருக்கும் இருக்கட்டும். யார் வண்டி முதலில் வருகிறதோ அந்த வண்டி வெறுங்கூடைகளை ஏற்றிச் செல்லட்டும். கூடைக்கு முன்பணம் வைப்போம். பிளாஸ்டிக் பானப் பாட்டிலுக்கும் உலோகப் பான டின்னுக்கும் 10 காசு முன்பணம் என்று நாடே முடிவெடுத்து, 2026 ஏப்ரல் 1 என்று நாளும் குறித்தது. பாட்டிலுக்கு முடியும் என்றால் கூடைக்கு முடியாதா? இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு இது புதிதா? கோணிச் சாக்கையும் கண்ணாடி பாட்டிலையும் திருப்பிக் கொடுத்து வாழ்ந்தவர்கள்தானே நீங்கள்!

கூட்டாக ஏற்றிச் சென்றால் வாடிக்கையாளர் பட்டியல் மற்றவருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆகவே சரக்கைச் சேர்க்கச் சொல்லவில்லை, வெறுங்கூடையை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன். வெறுங்கூடையில் எந்த ரகசியமும் இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கூடைகளைக் கழுவி அடுக்கத் தேக்காவுக்கு அருகில் ஓர் இடம் வேண்டும். பெரிய இடம் வேண்டாம், இரண்டு லாரி நிற்கும் இடம் போதும். அதற்காக யாரிடம் எழுத வேண்டும் என்று வழிகாட்டினால் சங்கம் எழுதும். தலைவர் அவர்கள் தலையசைக்கிறார், நன்றி ஐயா.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் சங்கச் செயலாளர் ஒரு தாள் வைத்திருக்கிறார். நிறுவனத்தின் பெயர், தேக்காப் பக்கம் வாரத்தில் எந்தெந்த நாள் வண்டி வருகிறது, திரும்பும்போது என்ன ஏற்றி வருகிறது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். முதலாளிகளுக்குத் தெரியாவிட்டால் ஓட்டுநர் தம்பிகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். சாப்பாடு தயாராக இருக்கிறது. எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம். நன்றி, வணக்கம்.