ஆரஞ்சுத் தோப்பும் அதைத் தின்ற ரயிலும்

(எலுமிச்சை விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

புளியங்குடிக்கு வந்து எலுமிச்சையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. மரத்தை எப்படி வளர்ப்பது, எப்போது தண்ணீர் கட்டுவது என்றெல்லாம் நான் வாய் திறக்கப் போவதில்லை. முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிரித்துவிடுவார்கள். நான் கொண்டுவந்திருப்பது ஒரு குடும்பத்தின் கதை. ஆரஞ்சு போட்டுப் பெரிய ஆளான குடும்பம். அந்தத் தோப்பில் இன்று ஒரு சென்ட் நிலம்கூடத் தோப்பாக இல்லை. ஆனால் அங்கே நடந்த ஒரு சங்கதி நம் நீலகிரி வரைக்கும் வந்து சேர்ந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். சினிமா ஊர் என்றுதான் நமக்குத் தெரியும். 1830களில் அது மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த ஒரு சின்ன ஊர். 1850-இல் எடுத்த கணக்கில்கூட மொத்த மக்கள்தொகை 1,610. ஆற்றிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்கள், தண்ணீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் நம் மடைக்காரர் மாதிரி ஊர் நியமித்த ஓர் ஆள். இவ்வளவுதான் ஊர்.

அங்கே 1831-இல் குதிரையில் வந்து இறங்கினார் வில்லியம் உல்ஃப்ஸ்கில். 1798-இல் கென்டக்கியில் பிறந்தவர். விவசாயி இல்லை, தோல் வேட்டைக்காரர். நீர்நாய், பீவர் என்று பிடித்து, தோலை உரித்து விற்றுப் பிழைத்தவர். வேட்டைக்கு அனுமதி வேண்டும் என்பதற்காக மெக்சிகோ குடிமகனாகவே மாறிக்கொண்டவர். கடல் நீர்நாய் பிடிக்கச் சொந்தமாக ஒரு பாய்மரக் கப்பல் கட்டிப் பார்த்தார். அதில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. நாற்பது வயது நெருங்கும்போது சரி, போதும் என்று நிலம் வாங்கித் திராட்சை போட்டார்.

ஆரஞ்சு வந்தது 1841-இல். அதே வருடம்தான் மேக்டலேனா லூகோ என்ற உள்ளூர்ப் பெண்ணுடன் அவருக்குக் கல்யாணம். பக்கத்தில் சான் கேப்ரியல் என்ற கிறிஸ்தவ மடத்தில் 1804 வாக்கில் பாதிரியார்கள் ஆறு ஏக்கரில் நானூறு ஆரஞ்சு நாற்று வைத்திருந்தார்கள். மடத்தின் சாப்பாட்டு மேசைக்காக வைத்தது, விற்பதற்கு இல்லை. அங்கிருந்து ழான் லூயி வீன்ய என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் 35 மரங்களைக் கொண்டுவந்து தன் வீட்டைச் சுற்றி வைத்தார். அதுவும் அழகுக்கு. அதே மடத்திலிருந்து நாற்று எடுத்துவந்து, விற்கவேண்டும் என்ற எண்ணத்தோடு இரண்டு ஏக்கரில் நட்டவர் உல்ஃப்ஸ்கில். கலிபோர்னியாவின் முதல் வியாபார ஆரஞ்சுத் தோப்பு என்று வரலாற்றில் எழுதுவது இதைத்தான். விதைக்கன்று, காய்க்கப் பல வருடம் ஆகும். கல்யாணம் ஆன வருடம் நட்டால் முதல் பிள்ளை ஓடியாடும் வயதில்தான் பழம் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாததா?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பழத்துக்கு வைத்திருந்த பெயர் நாரான்ஹா. ஸ்பானிய மொழிச் சொல். அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று அதைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் நம் நாரத்தை நிற்கிற திராவிடக் குடும்பத்து வாசலில் வந்து நிற்கும் என்பது மொழியறிஞர் பலருடைய கருத்து. ஊறுகாய் ஜாடியைத் திறக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தோப்புக்கு வருவோம். ஏழு வருடம் கழித்து, 1848-இல், வடக்கே தங்கம் கிடைத்தது. 1849-இல் உலகமே சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஓடியது. தங்கம் தோண்டப் போனவர்கள் காய்ந்த இறைச்சியும் மாவும் தின்று மாதக்கணக்கில் கிடந்தார்கள். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது, பல் ஆடியது, ஆள் சுருண்டு விழுந்தான். ஸ்கர்வி நோய். வைட்டமின் சி என்ற பெயரே பிறக்காத காலம். ஆனாலும் புளிப்புப் பழம் தின்றால் பிழைக்கலாம் என்று கப்பல்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓர் எலுமிச்சை ஒரு டாலருக்குப் போனதாகச் சொல்வார்கள். தெற்கே பழத்தோடு தயாராக நின்றது உல்ஃப்ஸ்கில் தோப்பு. திராட்சையும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கப்பலில் ஏறின. தங்கம் தோண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கடனோடு திரும்பினார்கள் என்பேன் நான். பழம் விற்றவர் நிலம் வாங்கினார்.

இரண்டு ஏக்கர் எழுபது ஏக்கர் வரைக்கும் வளர்ந்தது. 1862 வாக்கில் கலிபோர்னியாவில் இருந்த ஆரஞ்சு மரங்களில் மூன்றில் இரண்டு பங்கு இவருடையது என்று பழைய கணக்கு. வீட்டிலேயே பள்ளிக்கூடம் வைத்தார். தன் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். பாடம் சொல்ல வந்த வாத்தியார் பிற்பாடு அவருக்கு மருமகனாகவே ஆனார்.

இவ்வளவு வேலையையும் ஒரு குடும்பமே செய்ததா என்று கேட்கவேண்டும். குடும்பத் தொழில் என்று பெருமையாகச் சொல்லும்போது கூலிக்காரர் கண்ணில் படுவதே இல்லை. மடத்துத் தோட்டத்தை உண்டாக்கியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள், டோங்வா மக்கள். மடங்கள் கலைந்த பிறகு அவர்கள் நிலமும் இல்லாமல் ஊருக்குள் வந்தார்கள். அமெரிக்க ஆட்சி வந்து 1850-இல் ஒரு சட்டம் போட்டது. வேலையில்லாமல் திரிகிறான், குடித்திருக்கிறான் என்று பூர்வகுடி ஆளைப் பிடித்து அடைக்கலாம். அபராதத்தைக் கட்டித் தோட்டக்காரர் ஒரு வாரத்துக்கு அவனை ஏலம் எடுத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த ஏலம் திங்கட்கிழமைதோறும் நடந்தது. கூலியில் ஒரு பகுதி சாராயமாகவே கொடுக்கப்பட்டது. வாரக் கடைசியில் குடிப்பான், மறுபடியும் பிடிபடுவான், மறுபடியும் ஏலம். அந்த ஊரின் தோட்டங்கள் எல்லாம் செழித்த காலம் இதுதான். இதைச் சொல்லாமல் முன்னோடி, முன்னோடி என்று மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1866-இல் உல்ஃப்ஸ்கில் காலமானார். வலென்சியா ஆரஞ்சை உருவாக்கியவரே இவர்தான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நான் நம்புவதில்லை. அந்த மரங்கள் இங்கிலாந்து நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து 1876-இல் சான் கேப்ரியல் பக்கம் வந்திறங்கியவை. அதற்குப் பத்து வருடம் முன்பே இவர் போய்விட்டார். பெரிய மனிதர் என்றால் எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

மகன் ஜோசப் தோப்பை எடுத்தார். 1876-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரயில் பாதை லாஸ் ஏஞ்சல்ஸ் வரை வந்து சேர்ந்தது. அடுத்த வருடமே ஜோசப் ஒரு ரயில் பெட்டி நிறைய ஆரஞ்சை ஏற்றி, நாட்டின் நடுவில் இருக்கும் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார். போய்ச்சேர ஒரு மாதம். நல்ல நிலையில் போய்ச்சேர்ந்தது. நாம் கோயம்பேட்டுக்கு லாரி ஏற்றிவிட்டு ராத்திரி முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் ஒரு மாதம் காத்திருந்தார். 1886-இல் ஒரு பெட்டி இல்லை, முழு ரயிலே ஆரஞ்சை ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பியது.

அப்புறம்தான் பூச்சி.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செடியோடு 1868 வாக்கில் கலிபோர்னியாவுக்குள் நுழைந்த ஒரு செதில் பூச்சி. முதுகில் வெள்ளைப் பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டது போல இருக்கும். அந்தப் பஞ்சுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. சாற்றை உறிஞ்சித் தேன் மாதிரி ஒழுகவிடும், அதன்மேல் கரும்பூஞ்சை படரும். மரமே பனி விழுந்தது போல வெளுத்துப் போகும். 1880களில் பலர் மரத்தை வெட்டி எரித்தார்கள். சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அடித்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை.

இந்தப் போராட்டத்தில் ஜோசப் தன் தோப்பையே ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டார். இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச நான் ஆசைப்பட்டதற்கு இதுதான் காரணம். 1886-இல் காக்கிலெட் என்ற பூச்சியியல் ஆய்வாளர் அந்தத் தோப்பில் மரத்தின்மேல் கூடாரம் போட்டு உள்ளே சயனைடு வாயுவை விட்டுப் பார்த்தார். தோப்பின் மேற்பார்வையாளர் அலெக்சாண்டர் க்ரா கூடவே நின்றார். பூச்சி செத்தது. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் கூடாரம், கொடிய விஷம், செலவு.

வாஷிங்டனில் தலைமைப் பூச்சியியலாளராக இருந்த சார்லஸ் ரைலி வேறுமாதிரி யோசித்தார். இந்தப் பூச்சி தன் சொந்த ஊரில் ஏன் இப்படிப் பெருகவில்லை? அங்கே அதைத் தின்ன யாரோ இருக்கவேண்டும். ஆனால் பூச்சி ஆய்வாளர்கள் வெளிநாடு போகக்கூடாது என்று நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது. என்ன செய்தார்கள்? மெல்போர்னில் நடக்கும் பன்னாட்டுக் கண்காட்சிக்குப் போகும் குழுவில் ஆல்பர்ட் கோபெலே என்பவரைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அரசாங்கத்தை அரசாங்கமே ஏய்ப்பது நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

1888 அக்டோபரில் அடிலெய்டில் ஒரு தோட்டத்தில் கோபெலே அதைக் கண்டுபிடித்தார். சிவப்பில் கறுப்புப் புள்ளி, சின்னப் பொறிவண்டு. கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்து அனுப்பினார். முதல் தடவை உயிரோடு வந்தவை 28. அடுத்து 44. அடுத்து 57. மொத்தம் 129 வண்டுகள். அவற்றை விட்டது எங்கே? உல்ஃப்ஸ்கில் தோப்பில், ஒரே ஒரு ஆரஞ்சு மரத்தில், சுற்றிலும் துணிக் கூடாரம் கட்டி. இரண்டு வருடத்துக்கு முன்பு விஷவாயு விடக் கூடாரம் கட்டிய அதே தோப்பு.

1889 ஏப்ரலில் அந்த மரம் சுத்தமாகிவிட்டது. கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து மரங்கள், அதற்கடுத்த மரங்கள். ஜூன் மாதத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டுகளை இருநூறுக்கு மேற்பட்ட தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலிருந்து வருடத்துக்கு 700 ரயில் பெட்டியாகச் சுருங்கியிருந்த ஆரஞ்சு ஏற்றுமதி மறுவருடம் 2,000 ரயில் பெட்டி ஆனது.

அதே வண்டு நம் மலைக்கும் வந்தது. 1928-இல் நீலகிரியில், சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரங்களில் இந்தப் பஞ்சுப் பூச்சி தென்பட்டது. அடுத்த வருடமே வண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்டார்கள். ஊட்டியில் அது குடியேறிவிட்டது.

சரி, ஊரையே காப்பாற்றிய தோப்பு என்ன ஆனது? வண்டு வந்து இறங்கும்போதே அது பாதி போயிருந்தது. 1885-இல் இரண்டாவது ரயில் கம்பெனியும் ஊருக்குள் வந்தது. இரண்டுக்கும் போட்டி. 1887-இல் ஒரு நாள் மிசௌரியிலிருந்து ஒரு டாலருக்கு டிக்கெட் விற்றார்கள். வந்து குவிந்த கூட்டத்துக்கு மனை வேண்டும். பூவைவிட, காயைவிட, மண்ணுக்கு விலை ஏறியது. போதாததற்கு ரிவர்சைடு பக்கத்தில் விதையில்லாத நேவல் ஆரஞ்சு பெயர் வாங்கிவிட்டது. பழைய விதைமரத்துப் பழத்துக்கு மவுசு குறைந்தது. குடும்பம் தோப்பை மனை போட்டது. மரங்கள் இருந்த இடத்தில் 1888-இல் சதர்ன் பசிபிக் கம்பெனியின் ரயில் நிலையம் எழுந்தது. எந்த ரயிலில் முதல் பெட்டியை ஏற்றினார்களோ அந்த ரயிலுக்கே வீடு கட்ட இடம் கொடுத்தாயிற்று.

அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. எங்கள் சித்தப்பா நாற்பது மரத்துத் தோட்டத்தைப் பைபாஸ் ரோடு வந்த வருடம் விற்றார். விற்காதே என்று சொன்ன ஒருவரும் அடுத்த வருடம் அவருக்கு உரம் வாங்கித் தர வந்திருக்கமாட்டார்கள்.

அந்த ரயில் நிலையமும் இப்போது இல்லை. ஆனால் பழைய தோப்பு இருந்த பகுதியில், ஜப்பானியர் குடியேறிய லிட்டில் டோக்கியோவில், ஒரு கலாசார மையத்தின் கல் பாவிய முற்றத்தில் ஒரு கிரேப்ஃப்ரூட் மரம் நிற்கிறது. பம்ப்ளிமாஸுக்குப் பேரன் முறை. நூறு வயது தாண்டிய மரம். உல்ஃப்ஸ்கில் தோப்பில் மிச்சம் இருப்பது அதுதான். நகரம் அதை நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. சுற்றிலும் கட்டடம், அடியில் கல். இன்னமும் காய்க்கிறது.