மவுத்வாஷ்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது கொப்பளிப்பது

[திரையில்: பல் துலக்கி முடித்த ஒருவர், அதே கையோடு மவுத்வாஷ் பாட்டிலை எடுக்கிறார்.]

பல் துலக்கி முடித்தவுடன் மவுத்வாஷால் கொப்பளிப்பதுதான் சரியான முறை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு சேர்ந்த பற்பசையைப் பயன்படுத்துகிறவருக்கு அதைவிடப் பொருந்தாத வேளை வேறில்லை. பற்பசையில் பொதுவாக 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃபுளோரைடு இருக்கிறது. அன்றாடம் பயன்படுத்தும் ஃபுளோரைடு மவுத்வாஷில் இருப்பதோ ஏறத்தாழ 225 பிபிஎம் மட்டுமே. ஆகவே துலக்கியவுடன் கொப்பளிக்கும்போது, பற்களின் மேல் தங்கி வேலை செய்ய வேண்டிய செறிவான ஃபுளோரைடைக் கழுவி அகற்றிவிட்டு, அதைவிடப் பல மடங்கு நீர்த்ததை அங்கே வைக்கிறோம். நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீராலும் அலசாமல் அப்படியே விட்டுவிடுவதும், மவுத்வாஷை மதிய உணவுக்குப் பிந்தைய நேரம் போன்ற வேறொரு வேளைக்கு ஒதுக்குவதும்தான் இதற்கு எளிய தீர்வு.

பற்களின் மேல் படியும் பற்படலம் வெறும் அழுக்கு அன்று. பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பிசினுக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் அடுக்கு அது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் படிந்த பாசி, தண்ணீரை ஊற்றினால் போகாமல் தேய்த்தால் மட்டுமே போவதைப் போல, இந்தப் படலமும் தூரிகையின் உராய்வுக்கே அசைந்து கொடுக்கும். மவுத்வாஷ் அதன் மேற்பரப்பில் இருக்கும் கிருமிகளைக் குறைக்கலாம், புதிதாகப் படிவதைத் தாமதப்படுத்தலாம். ஏற்கெனவே தடித்துப்போன படலத்தை ஊடுருவி அகற்றுவது அதனால் ஆகாது. இரவில் துலக்கச் சோம்பல்பட்டு ஒரு மூடி மவுத்வாஷோடு படுக்கப் போகிறவர் வாயின் மணத்தை மாற்றிக்கொள்கிறாரே தவிர, பற்களைச் சுத்தம் செய்யவில்லை.

[திரையில்: பாட்டிலின் பின்புற லேபிள் பெரிதாகக் காட்டப்படுகிறது.]

கடையில் பாட்டிலைக் கையில் எடுத்தால் முன்பக்கத்தில் இருக்கும் நிறத்தையும் வாசகங்களையும் விட்டுவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செயல்படு பொருள் என்று எதுவும் குறிப்பிடப்படாமல், நறுமணமும் இனிப்பூட்டியும் நிறமும் மட்டும் இருந்தால், அது சிறிது நேரத்துக்கு வாயை மணக்கச் செய்யும் திரவம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சோடியம் ஃபுளோரைடு 0.05 சதவீதம் என்று இருந்தால், அது சொத்தையைத் தடுக்க உதவும் அன்றாட வகை. அடிக்கடி சொத்தை விழுகிறவர்களுக்கும், பற்களில் கம்பி மாட்டியிருப்பவர்களுக்கும் அது பயன்படும். சீட்டைல்பிரிடினியம் குளோரைடு என்ற நீண்ட பெயர் தென்பட்டால், அது பற்படலம் படிவதையும் ஈறு அழற்சியையும் ஓரளவு குறைக்கும் கிருமிநாசினி.

தைமால், யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகிய நான்கு நறுமண எண்ணெய்ப் பொருள்களும் சேர்ந்த கலவை மிகப் பழைய வகை. 1879-இல் ஜோசப் லாரன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய லிஸ்டரின் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அறுவை சிகிச்சையில் கிருமிநீக்க முறையைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. இந்த எண்ணெய்களைக் கரைப்பதற்காக அதன் மூல வடிவத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் சேர்க்கப்படுகிறது. வாய் எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. எரிச்சலுக்கும் பலனுக்கும் சம்பந்தமில்லை. வாய் வறட்சி உள்ளவர்கள், வாய்ப்புண் உள்ளவர்கள், மதுப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் ஆகியோர் ஆல்கஹால் இல்லாததையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

[திரையில்: பற்களின் ஓரத்திலும் நாக்கிலும் பழுப்புக் கறை படிந்த வாயின் வரைபடம்.]

குளோர்ஹெக்சிடின் இவற்றுள் தனி இனம்; இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலும் 0.12 அல்லது 0.2 சதவீதச் செறிவில் கிடைக்கும் இந்த மருந்தின் மூலக்கூறுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், எதிர்மின்னூட்டம் உள்ள பற்பரப்பிலும் வாயின் சவ்விலும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் சிறுகச் சிறுக வெளிப்பட்டுக் கிருமிகளைக் கட்டுப்படுத்துகின்றன. அதே ஒட்டும் குணம்தான் தேநீர், காபி போன்றவற்றின் நிறப்பொருள்களையும் பற்களில் பிடித்து வைக்கிறது. சில வாரத் தொடர் பயன்பாட்டில் பற்களின் ஓரங்களிலும் நாக்கின் மேலும் பழுப்புக் கறை தெரியத் தொடங்கும். வீட்டில் எவ்வளவு துலக்கினாலும் அது எளிதில் போகாது. பல் மருத்துவர் மெருகேற்றி அகற்ற வேண்டியிருக்கும். நாச்சுவை தற்காலிகமாக மாறுவதும், பற்காறை, அதாவது கல்போல் இறுகிய பற்படலம், கூடுதலாகப் படிவதும் உண்டு. அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் ஏற்படுகிறது. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட் இந்த மருந்தோடு கலந்தால் அதன் வீரியம் குறைகிறது. துலக்குவதற்கும் இதைக் கொப்பளிப்பதற்கும் இடையே குறைந்தது அரை மணி நேரமாவது விடச் சொல்வது அதனால்தான். ஈறு சிகிச்சைக்குப் பிறகோ, தூரிகை படவே முடியாத நிலையிலோ, மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய இதைச் சிலர் அன்றாடப் பொருளாக மாதக்கணக்கில் தொடர்வது, என் பார்வையில், மவுத்வாஷ் விஷயத்தில் நடக்கும் ஆகப்பெரிய தவறு.

[திரையில்: மூடியில் உள்ள அளவுக் கோடு வரை திரவம் ஊற்றப்படுகிறது.]

கொப்பளிக்கும் முறையில் அதிகச் சிக்கல் இல்லை. லேபிளில் சொன்ன அளவை, பெரும்பாலும் 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை, மூடியின் கோட்டைப் பார்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும். லேபிள் சொன்னாலொழியத் தண்ணீர் கலக்கக் கூடாது. உதடுகளை மூடி, கன்னங்களை அசைத்து, திரவம் பல்லிடுக்குகளுக்குள் புகுந்து வெளியேறும்படி 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. ஃபுளோரைடு வகையாக இருந்தால் அடுத்த அரை மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் இருப்பது நல்லது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் துப்புவதற்குப் பதிலாக விழுங்கிவிடக்கூடும் என்பதால், அவர்களுக்கு மவுத்வாஷ் வேண்டாம்; பாட்டிலையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாய்நாற்றத்துக்காகவே மவுத்வாஷ் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த நாற்றத்தின் பெரும்பகுதி நாக்கின் பின்புறத்தில் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து வெளியிடும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. துத்தநாக உப்புகள் சேர்ந்த மவுத்வாஷ் அந்தச் சேர்மங்களோடு வினைபுரிந்து நாற்றத்தைக் குறைக்கும். ஆனால் நாக்கை வழிக்காமல் அதை மட்டும் நம்பினால் சில மணி நேரத்தில் நாற்றம் திரும்பிவிடும். துலக்கியும், நாக்கை வழித்தும், பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்தும் நாற்றம் நீடித்தால், ஈறு நோயோ சொத்தையோ வாய் வறட்சியோ காரணமாக இருக்கலாம். அந்நிலையில் வேறு மவுத்வாஷைத் தேடாமல் பல் மருத்துவரைப் பாருங்கள். துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவது தொடர்ந்தாலும், வாயில் வந்த புண் மூன்று வாரங்களாகியும் ஆறாமல் இருந்தாலும் இதையே செய்யுங்கள்.