ஆண்களுக்கும் உண்டு அந்த ஊசி

புதுச்சேரி, கடலூர் நேயர்களுக்கு வணக்கம்.

ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசி என்றதும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், பள்ளிச் சிறுமிகள் என்றே பேச்சு போகிறது. அதே வைரஸ் ஆண்களுக்கு ஆசனவாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்கும். ஆசனவாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது இதனால் வருவதுதான்.

பெண்களுக்குப் பரவலாக ஊசி போட்ட நாடுகளில், அவர்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் தொற்று குறைந்தது. ஆணோடு உறவுகொள்ளும் ஆணுக்கு அந்தப் பலன் எட்டவில்லை. அதனால்தான் இங்கிலாந்தில் 2018 முதல், இப்படிப்பட்ட ஆண்களுக்கு 45 வயது வரை பால்வினை நோய் மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். நம் நாட்டில் 2023-ல் வந்த செர்வாவேக் ஊசி 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் அனுமதிக்கப்பட்டது. இந்த வைரஸில் 6, 11, 16, 18 என்ற எண்ணுள்ள நான்கு வகைகளைத் தடுக்கும். முதல் இரண்டும் மரு உண்டாக்குபவை, மற்ற இரண்டும் புற்றுநோய்க்கு இட்டுச்செல்பவை.

15 வயதைத் தாண்டியவருக்கு மூன்று ஊசி. முதல் ஊசி போட்டு இரண்டு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் கடைசி. மாசி மகத்தையொட்டித் தொடங்கினால் சித்திரையிலும் ஆவணியிலும் முடிக்கலாம். பலர் கோட்டைவிடுவது மூன்றாவதைத்தான்; இடையில் வேலைக்காகச் சென்னை, பெங்களூரு போய்விடுகிறார்கள். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். ஊசியின் பெயரையும் தேதியையும் அப்போதே கைபேசியில் படமெடுத்து வையுங்கள். போட்டதும் கால்மணி நேரம் உட்கார்ந்திருங்கள். இளைஞர்களுக்குச் சில நேரம் மயக்கம் வரும். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எந்த வயதானாலும் மூன்று ஊசிதான்.

ஏற்கெனவே தொற்றியதை ஊசி குணமாக்காது. ஆனால் ஒருவருக்கு நான்கு வகையும் தொற்றியிருப்பது அபூர்வம், ஆகவே உறவைத் தொடங்கிவிட்டவருக்கும் பயன் உண்டு. தொடங்கும் முன் போட்டால் பலன் அதிகம், அவ்வளவே. ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுதும் தடுக்காது. தோலோடு தோல் உரசினாலே இது பரவும்.

மருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசனவாயில் சிறு சிறு முளைகள் தென்பட்டால் நம் ஊரில் உடனே 'மூலம்' என்று முடிவுகட்டி, விளம்பரப் பலகை பார்த்து எங்கோ போய்விடுகிறார்கள். சிலர் சுண்ணாம்பு தடவுகிறார்கள், சிலர் கால் ஆணிக்கான மருந்தை வைக்கிறார்கள். அந்த மென்மையான தோல் வெந்து புண்ணாகும், வைரஸ் அங்கேயே இருக்கும். சிரைப்பதும் கூடாது, கத்தி பட்ட வழியெல்லாம் மரு பரவும். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயிலும் இதே போன்ற தடிப்புகள் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை இல்லாமல் முடிவுசெய்யக் கூடாது. கோரிமேடு ஜிப்மரிலோ அரசு பொது மருத்துவமனையிலோ தோல், பால்வினை நோய்ப் பிரிவில் காட்டுங்கள். உறைய வைத்தோ மருந்து வைத்தோ கரைப்பார்கள். மறுபடி முளைப்பது சகஜம், அதற்காகச் சிகிச்சையைப் பாதியில் விட வேண்டாம்.

மருத்துவரிடம் எல்லாக் கதையும் சொல்லத் தேவையில்லை. "ஆண்களோடு உறவு உண்டு, ஆசனவாயையும் பாருங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின், வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் இந்த உறவு குற்றமல்ல. வாயால் சொல்லத் தயக்கமென்றால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். இரத்தக் கசிவோ வலியோ சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், விரல்விட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டே வாங்குங்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.