பிறஷர் இறங்கியது சரி, இறக்கியது யார்?

தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றி ஆசியுரை தந்த குருக்கள் ஐயா அவர்களே, கிளினிக் வேலைக்கு நடுவிலும் வந்திருக்கிற வைத்திய அதிகாரி அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த அறங்காவலர்களே, பின்வரிசையில் இப்போதே மணிக்கூடு பார்க்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளர் ஐயாவை விட்டுவிட்டால் ரீ கிடைக்காதாம். அவருக்குத் தனி வணக்கம்.

மூன்று விடயம் சொல்லப்போகிறேன். சோடி டி-சோதனை என்றால், ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளந்து, சராசரி மாற்றம் தற்செயலா என்று பார்க்கிற கணக்கு. அது எதைக் கேட்கிறது, அதன் விடையை எப்படி வாசிப்பது, அதை எப்போது பாவிக்கக் கூடாது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

25 பேருக்குப் பிறஷர் பார்த்தோம், ஒரு மாதம் மூலிகைப் பொடி கொடுத்தோம், திரும்பவும் பார்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் முன்னது கழித்தல் பின்னது. இனி அந்த 25 வித்தியாசங்கள் மட்டுமே கணக்கு. சராசரி இறக்கம் 6 மில்லிமீற்றர், வித்தியாசங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகல் 10. பத்தை 25இன் வர்க்கமூலமான 5ஆல் பிரித்தால், சராசரி தற்செயலாக எவ்வளவு தடுமாறலாம் என்று காட்டும் நியம வழு 2. ஆறை இரண்டால் பிரித்தால் டி 3. பி-பெறுமானம் ஏறத்தாழ 0.006. கை தட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உண்மையில் சராசரி மாற்றமே இல்லாதிருந்தாலும், இவ்வளவோ இதைவிடப் பெரிய வித்தியாசமோ தற்செயலாக வர ஆயிரத்துக்கு ஆறு வாய்ப்பு. பி-பெறுமானம் சொல்வது இவ்வளவுதான். பொடி வேலை செய்ய 99.4 வீத வாய்ப்பு என்று அது சொல்லவில்லை. உண்மையான சராசரி இறக்கம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிற 95 வீத நம்பிக்கை ஆயிடையைப் பார்த்தால் 1.9இலிருந்து 10.1 வரை. இரண்டு புள்ளி இறக்கத்துக்கும் பத்துப் புள்ளி இறக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்று டொக்டர் அம்மாவுக்குத் தெரியும். இன்னொன்று, சராசரி இறங்கினால் எல்லோருக்கும் இறங்கியது என்று அர்த்தமில்லை. இந்தக் கணக்கில் ஆறேழு பேருக்கு ஏறியும் இருக்கலாம். விளம்பரத்தில் அவர்களுடைய படம் வராது.

இந்தச் சோதனைக்கு அடி போட்டவர் டப்ளின் கின்னஸ் பியர் ஆலையில் வேலைபார்த்த கொசெற். குருக்கள் ஐயா மன்னிக்க வேண்டும். 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் 10 நோயாளிகளின் தூக்கக் கணக்கை எடுத்தார். ஒரே ஆட்களுக்கு இரண்டு மருந்து. கூடுதல் தூக்கத்தில் சராசரி வித்தியாசம் 1.58 மணித்தியாலம். கவனியுங்கள், அங்கே ஒரு மருந்துக்கு எதிரே இன்னொரு மருந்து நின்றது. நம்முடைய பிறஷர் பார்க்கிற முகாம்களில் பொடிக்கு எதிரே யாரும் நிற்பதில்லை.

இங்கேதான் எங்கள் ஒழுங்கை மாமாவின் கதை. காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் அவரை ஏற்றாமல் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைத் துரத்திப் பிடித்து, பிடித்த கையோடு நடத்துநருடன் மிச்சக் காசுக்குச் சண்டை. இறங்கியதும் ஒரு பிளேன்ரீ, சீனி தூக்கலாக. பிறகு முகாம் நடந்த இரண்டாம் மாடிக்குப் படியேற்றம். மேலே போனால் உட்கார இடமில்லை. நின்றபடியே கையை நீட்டினார். 168! மாமி அழத் தொடங்கிவிட்டார். பக்கத்து மேசையில் பொடி விற்பவர் சிரிக்கத் தொடங்கினார். அடுத்த மாதம் மருமகன் ஓட்டோவில் கூட்டிப்போனார். நீண்ட வரிசை, யாரோ எழுந்து கதிரை தந்தார்கள், மாமா அரை மணித்தியாலம் சாய்ந்து கிடந்து குறட்டையே விட்டார். எழுப்பி அளந்தார்கள். 146. பொடி விற்பவர் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்! வீட்டுக்கு வந்த மாமா பொடிப் போத்தலை மேசையில் வைத்தார். மாமி திறந்து பார்த்தார். மூடியின் முத்திரைகூடக் கிழியவில்லை.

சிரிக்கிறீர்கள். ஆனால் மாமாவின் 22 புள்ளியும் அந்தச் சராசரிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். தீர விசாரிப்பதே மெய். அதோடு, முகாமுக்கு 140க்கு மேலே உள்ளவர்களைத்தான் எடுக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அன்று மட்டும் ஏறியிருக்கும். ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை சராசரி கொஞ்சம் இறங்கவே பார்க்கும். டி-சோதனைக்கு இந்த இறக்கமும் மருந்தின் இறக்கமும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க, பொடி குடிக்காத ஒரு குழுவும் கூடவே வேண்டும். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வேண்டியது வாங்கு. ஆம், உட்காருகிற வாங்கு! இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்று தலைவருக்குத் தெரியும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, கதைக்காமல் இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் ரீ, சிகரெட் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் தாங்கியிருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். முன்னளவே பிழையென்றால் எந்தச் சோதனை வந்து என்ன செய்யும்? தீர விசாரிக்கவும் உட்கார ஓர் இடம் வேண்டாமா?

மூன்றாவது விடயம்... தலைவர் மணி அடித்துவிட்டார். ஆள் குறைவாக இருந்து வித்தியாசங்களில் ஒன்றிரண்டு தறிகெட்டு நின்றால் சோடி டி-சோதனையை நம்பாதீர்கள் என்பதோடு விடுகிறேன். வாசலில் நீலக் கொப்பி இருக்கிறது. முகாம் நடத்துகிற இடமெல்லாம் சாய்மான வாங்கு போடக் கேட்கும் மனு. பெயரும் கையொப்பமும் போதும். வாங்கு செய்யப் பலகை தரக்கூடியவர்கள் பொருளாளர் ஐயாவைப் பிடியுங்கள், ரீ மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். நன்றி, வணக்கம்.