இதயத்தின் மூப்பும் இலைத் தராசும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊர்கவுடர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, சிறு தேயிலை விவசாயிகளின் பிரதிநிதிகளே, குன்னூரிலிருந்து மூடுபனியில் ஊர்ந்து வந்து சேர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசை மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. கோத்தகிரிக் குளிருக்கு அது உண்மையிலேயே உதவுகிறது.

மூன்று செய்திகள் சொல்லவும், கடைசியில் ஒரு கோரிக்கை வைக்கவும் வந்தேன். செல் ஏன் மூப்படைகிறது? இதயச் செல்லுக்கு மட்டும் என்ன தனிச் சங்கடம்? மூப்படைந்த செல்லை அகற்றும் மருந்துகள் எந்த நிலையில் இருக்கின்றன?

ஒரு கோழிக்குஞ்சின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1912 ஜனவரியில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் அலெக்சிஸ் கேரல் என்ற அறுவை மருத்துவர் கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு யார் அவர் பேச்சை மறுப்பார்கள்? அந்தச் செல்களுக்குச் சாவே இல்லை என்றார். பத்திரிகைகள் அந்தத் துணுக்குக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் கொண்டாடின! கேரல் 1944-இல் இறந்தார். குடுவை மட்டும் 1946 வரை இருந்தது. 34 வருஷம். நம் வீட்டுக் கோழி அத்தனை நாள் இருந்தால் கோயில் கட்டியிருப்போம். உலகமும் செல்லுக்கு முதுமை கிடையாது என்றே நம்பியது.

1961-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஹேஃப்ளிக், மூர்ஹெட் இருவரும் மனிதக் கருவின் இணைப்புத்திசுச் செல்களை வளர்த்தார்கள். ஐம்பது தடவை போல இரட்டித்ததும் அவை நின்றுவிட்டன. ஊட்டக் கரைசலில்தான் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! பல தடவை இரட்டித்த ஆண் செல்களையும் சில தடவையே இரட்டித்த பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்தார்கள். கொஞ்ச நாளில் ஆண் செல்கள் காணாமல் போயின, பெண் செல்கள் பெருகின. குடுவை ஒன்று, கரைசல் ஒன்று. கணக்கு செல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்படியானால் கேரலின் குடுவை? அதற்குத் தீனியாக ஊற்றிய கோழிக்கருச் சாற்றில் உயிருள்ள புதுச் செல்களும் கூடவே போயிருக்க வேண்டும் என்று ஹேஃப்ளிக் விளக்கம் சொன்னார். ‘ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்’ என்போம். அங்கே விஷத்துக்குப் பதில் அமுதம் சொட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி நம் இதயம். தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டினால் துளிர்க்கும். இதயத் தசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1963 வரை பெருமளவில் நடந்த வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து, ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2009-இல் இதயச் செல்களின் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று புதிதாகிறது, 75 வயதில் அரையும் இல்லை. பிறந்தபோது இருந்த செல்களில் பாதிக்கு மேல் கடைசிவரை உழைக்கின்றன, நாளுக்கு ஒரு லட்சம் துடிப்பு என்ற கணக்கில்.

இரண்டாகப் பிரியாத செல் எப்படி மூப்படையும்? அதன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா. அங்கே கசியும் ஆக்சிஜன் கழிவு, குரோமோசோம் முனைகளான டெலோமியர்களைச் சேதப்படுத்துகிறது. பிரியும் செல்லில் போல முனை தேய்ந்து குட்டையாக வேண்டியதில்லை, நீளமாக இருக்கும்போதே பழுது விழுகிறது. செல் பிரிவதைத் தடுக்கும் பி16, பி21 புரதங்கள் ஏறுகின்றன, செல் பருக்கிறது. அது சாவதில்லை, சும்மாவும் இருப்பதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களைக் கெடுக்கும் புரதங்களைக் கசியவிடுகிறது, நார்த்திசு படிகிறது, சுவர் விறைக்கிறது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்!

பின்வரிசை மாணவர்களுக்கு ஒன்று. மூப்படைந்த செல்லை நீலமாக்கிக் காட்டும் நீலச்சாயச் சோதனையைப் பிஎச் 6.0-இல், 37 டிகிரியில், கார்பன் டை ஆக்சைடு இல்லாத அடுப்பில் இரவு முழுக்க வையுங்கள். வழக்கமான செல் வளர்ப்பு அடுப்பில் வைத்தால் கரைசல் புளிக்கும், இளஞ்செல்லும் நீலமாகும். பாரஃபினில் பதித்த திசுவில், நீலத்தை உண்டாக்கும் நொதி செத்திருக்கும். உறைய வைத்த திசுதான் வேண்டும். நீலம் மட்டும் சாட்சியாகாது, பி16-ஐயும் பாருங்கள். ஒளிர்சாயம் போடுகிறவர்களை லிப்போஃபஸ்சின் நிறமி ஏமாற்றும். கிழச் செல்லில் அது தானே ஒளிரும்.

மூன்றாவது, மருந்து. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூப்படைந்த செல்லை அகற்றுமா என்று ஆராயப்படும் டசாட்டினிப் ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்து, இளமைக்காகக் கடையில் வாங்கும் பண்டமல்ல என்பதோடு நிறுத்திக்கொண்டு, வந்த காரியத்துக்கு வருகிறேன்.

இதயத்தின் சுமையைக் கூட்டுவது ரத்த அழுத்தம். மாற்றுச் செல் இல்லாத தசை அந்தச் சுமைக்குத் தடித்து விறைக்கிறது. ஆகவே நம் கோரிக்கை இது: பச்சைத் தேயிலை எடை போடும் ஒவ்வோர் இடத்திலும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வேண்டும். மருந்து வீட்டுக்கே வரும் திட்டம் 2021 முதல் நடக்கிறது, ஆனால் அழுத்தம் இருப்பதே தெரியாதவருக்கு யார் மருந்து தருவது?

கருவி வைத்தால் போதாது. மூட்டையை இறக்கிய கையோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும். சாய்மானமுள்ள நாற்காலியில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வையுங்கள். பாதம் தரையில், கை மேசைமேல் இதய மட்டத்தில் இருக்கட்டும். அரைமணி முன்பிருந்தே டீ, பீடி கூடாது. பட்டையை ஸ்வெட்டர்மேல் சுற்றாதீர்கள். நம் ஊரில் நடக்கும் முதல் தப்பு அதுதான். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் எண்பது விழுக்காட்டைச் சுற்றி வர வேண்டும். சின்னப் பட்டை போட்டால் இல்லாத அழுத்தம் தெரியும். குளிரும் அழுத்தத்தை ஏற்றும், அறைக் கதவைச் சாத்துங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். இன்னொரு நாளும் 140/90-க்குக் குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். தப்பான ஓர் அளவு, நோட்டு முழுவதையும் சந்தேகிக்க வைக்கும். குடம் பால், துளி விஷம், உங்களுக்கே தெரியும்.

மனு மேடை ஓரத்தில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. வட்டார மருத்துவ அலுவலர் கிளம்புவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது.